டிஸ்க் போட்டாச்சாம்!

பதுளைப் பக்கம் பழைய மொரிஸ் மைனரைப் புதுப்பித்து வைத்திருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாம் நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும்: "முன்னுக்கு டிஸ்க் போட்டாச்சு அண்ணே." பழைய என்ஜின் இருந்த இடத்தில் ஜப்பான் என்ஜின் உட்கார்ந்திருக்கும். ஐந்து கியர் பெட்டி, அலோய் சில்லு, சில கார்களில் ஏசியும் ஓடும். செய்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பரிகாரம் அந்த டிஸ்க் பிரேக். சொல்லும்போது முகத்தில் தோஷம் கழித்துவிட்டு வந்தவரின் நிம்மதி தெரியும்.

அந்த நிம்மதிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். ஊவாவின் இறக்கங்களில் பிரேக்கைக் கொல்வது சூடு. டிரம்மோ டிஸ்க்கோ, சூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். சூட்டைப் பற்றி நினைக்காமல் மாட்டப்பட்ட டிஸ்க் சில கார்களில் ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. என் காரும் அதில் அடக்கம்.

ஆசை வந்த வழியைக் குறைசொல்ல முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தக் காருக்குக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் கொட்டிலில் கோழி அடைந்துகிடந்த கார்களெல்லாம் உயிர்பெற்று ரோட்டுக்கு வந்தன. மைனரைச் சாகவிடாமல் வைத்திருப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து சார்ல்ஸ் வெயார், மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே இறக்கினார். மைனர் பிறந்த நாட்டுக்கே நாம் சாமான் அனுப்பியிருக்கிறோம்.

என்ஜினைக் கூட்டினால் பிரேக்கையும் கூட்டவேண்டும் என்பதும் சரியான நியாயம்தான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ல் வெளிவந்த மைனருக்கு 918 சிசி என்ஜின், ஏழு அங்குல டிரம். 1962ல் என்ஜின் 1098 சிசி ஆனபோது கம்பனியே முன் டிரம்மை எட்டு அங்குலமாக்கியது. 1971ல் வந்த மொரிஸ் மெரினாவின் முன்பக்க அமைப்பு மைனரிலிருந்து வந்தது என்பதால், அதன் டிஸ்க்கை எடுத்து மைனரில் பூட்டுவது இங்கிலாந்தில் பழகிப்போன வேலை. ஆக, டிஸ்க் போடுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. போட்ட பிறகு இறக்கத்தை மறந்துவிடுவதுதான் பைத்தியக்காரத்தனம்.

டிஸ்க் பெயரெடுத்த இடம் பந்தயத் திடல். 1953ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றபோது அதில் டன்லப் டிஸ்க் இருந்தது. அங்கே நடப்பது என்ன? நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகம், முடிவில் சில விநாடிக்கு மூர்க்கமான பிரேக், பிறகு மறுபடியும் நேர்ப்பாதை. அந்த ஓட்டத்தில் காற்று டிஸ்க்கை ஆறவைத்துவிடும். நமக்கு வாய்த்ததோ வேறு. மணிக்கு 25 கிலோமீற்றரில், பெடலில் வைத்த காலை எடுக்காமல், இருபது நிமிடம் தேய்த்துக்கொண்டே இறங்குவது. வேகம் இல்லாததால் காற்றும் இல்லை. நம் நாட்டு மோட்டார் பந்தயத்தையே பாருங்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட ஏற்றப் பந்தயம் 1934ல் தொடங்கியது. மலை ஏறியவனுக்குத்தான் கோப்பை. இறங்கியவனுக்கு யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கணக்குப் பார்ப்போம். மைனரில் நாலு பேரும் ஒரு மூட்டை மரக்கறியும் ஏறினால் எடை சுமார் 1,100 கிலோ. நாலு கிலோமீற்றர் தூரத்தில் 300 மீற்றர் இறங்கும் தோட்டத்து ரோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பசறை, மடுல்சீமைப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு நான் உதாரணம் தேடித்தர வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் கார் இழக்கும் சக்தி 32 இலட்சம் ஜூல். பத்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டயரும் காற்றும் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்றே வைப்போம். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். நாலு சில்லின் பிரேக் இரும்பும் சேர்ந்து இருபது கிலோ என்றால், ஆற வழியில்லாதபோது அந்த இரும்பின் சூடு 270 பாகை செல்சியஸ் ஏறும். இது நாலு கிலோமீற்றருக்கு மட்டும். இரும்புக்கு அந்தச் சூடு டிரம் வடிவத்தில் வந்ததா, டிஸ்க் வடிவத்தில் வந்ததா என்பது ஒரு பொருட்டா?

வடிவம் ஒரு விஷயத்தை மாற்றுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து லைனரைவிட்டு விலகும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும், லைனர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறும். பழைய டிரைவர்கள் அந்த நாற்றத்தை வைத்தே வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். டிஸ்க்கில் பேட் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால் கடைசிவரை பெடல் உறுதியாக இருக்கும். ஆனால் கலிப்பரின் பிஸ்டன் பேட்டுக்கு நேர் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் பிரேக் ஒயில். சூடு அந்த வழியே நேராக ஒயிலுக்குப் போகும். ஒயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டிவிட்டால் பிறகு பெடல் அமுக்குவது வெறும் குமிழியை. அதுவரை பெடல் எந்த எச்சரிக்கையும் தராது.

எனக்கு நடந்தது அதுதான். பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். டிஸ்க் போட்டு மூன்று மாதம். பக்கத்தில் மச்சான், பின்னால் அக்காவும் பிள்ளையும். ஒரு வளைவுக்கு முன் காலை வைத்தேன், பெடல் தரையைத் தொட்டது. அடித்து அடித்து அமுக்கியும் ஒன்றும் வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளட்ச் அலற செகண்டில் தள்ளி, மலைப்பக்க மண்திட்டில் மட்கார்டைத் தேய்த்து நிறுத்தினேன். அரை மணிநேரம் கழித்து பெடலைத் தொட்டுப் பார்த்தால் கல்லுப்போல் நிற்கிறது! மச்சான் "ஏதோ காத்துக் கருப்பு" என்றார். கராஜில் காட்டினேன். பாஸ் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். ஆறியதும் ஆவி மறுபடி ஒயிலாகிவிடும், தடயம் மிஞ்சாது. நம் ஊரில் பாதி 'பிரேக் பெயில்' விதியின் கணக்கில் எழுதப்படுவது இப்படித்தான்.

இன்னொரு பாஸிடம் போனபிறகுதான் தெரிந்தது, என் காரில் மூன்று தப்பு சேர்ந்து நடந்திருக்கிறது. முதலாவது, மைனரின் மாஸ்டர் பம்ப். அது டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. டிரம்முக்கு லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கவேண்டும் என்பதற்காக அதற்குள் ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். டிஸ்க் போட்டால் அதை எடுக்கவேண்டும். எனக்குப் பூட்டியவர் எடுக்கவில்லை. அந்த மிச்ச அழுத்தத்தில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு, நான் காலை எடுத்திருந்தபோதும் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. சமதரையில் ஓடிய மூன்று மாதமும் எனக்கு அது தெரியவில்லை.

இரண்டாவது, ஒயில். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறியபின் அதே விதி 140 பாகையோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. டாட் 4க்கு 230, 155. நமுனுகுல மலையை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் மப்பையும் மழையையும் குடித்த ஒயில் எந்தக் கணக்கில் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சாமான் இது. மைனரில் அதன் மூடியைப் பார்க்கவே கார்ப்பெட்டைத் தூக்கவேண்டும் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க்குக்கு அத்தனை ஆயிரம் கொட்டியவன் ஒரு போத்தல் ஒயிலை மிச்சம் பிடித்திருக்கிறான். அவன் நான்தான்.

மூன்றாவது தப்பு வண்டியில் இல்லை, என்னிடம். டிஸ்க் இருக்கிறதே என்று நாலாம் கியரில் இறங்கினேன்.

நியூட்ரல்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022ல் கியூஆர் அட்டையோடு வாரத்துக்கு இருபது லீற்றருக்கு வரிசையில் நின்ற ஞாபகத்தில், இன்றைக்கும் பண்டாரவளை தாண்டியதும் கியரைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் சாவியையே அணைக்கிறார்கள். பழைய காபரேட்டர் மைனரில் அந்தச் சிக்கனத்துக்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. இப்போது ஏறியிருப்பது இன்ஜெக்‌ஷன் என்ஜின். கியரில் இறங்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் அது பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். இவர்கள் மிச்சம் பிடிக்கவில்லை, செலவழிக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, டிஸ்க்கோடு பூஸ்டரும் பூட்டியிருப்பார்கள். என்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று அமுக்கில் பூஸ்டர் செத்துப்போகும். பூஸ்டரே இல்லாத பழைய மைனரில் சாவியை அணைத்துப் பழகிய கால், புதிய பிரேக்கில் அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும்?

டீசல் ஏற்றியவர்களுக்கும் ஒன்று. பெற்றோல் என்ஜின் இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது காற்றுவழி அடைபடுவதால். பழைய டீசல்களில் பெரும்பாலும் அந்த அடைப்பு இல்லை. கொழுந்து லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக் வைப்பதற்குக் காரணம் அதுதான். லொறி டிரைவருக்குத் தெரிந்த இந்த விஷயம் கார்க்காரனுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைக்காரன் போட்ட ரயில்பாதையை எண்ணிப் பாருங்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924ல். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் மலை அதிகமாகச் சரிந்தது. 44 அடி போனால் ஒரு அடிக்குமேல் இறங்கக்கூடாது என்பது பாதையின் விதி. இன்னும் பெரிய பிரேக் மாட்டி ஓட்டுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பாதையையே மலையைச் சுற்றிச் சுருட்டி, ஸ்டேஷனுக்கு அடியில் குகை தோண்டி வெளியே எடுத்தார்கள். எல்லவுக்கு வரும் சுற்றுலாக்காரன் படம் பிடித்துக்கொண்டு போகும் அந்தச் சுருள், இறக்கத்துக்குப் பயந்தவர்களின் வேலை.

"அப்ப டிரம்மே போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. தண்ணீர் புகுந்த டிரம் காயும்வரை பிடிக்காது. டிஸ்க் இரண்டு சுற்றில் காய்ந்துவிடும். என்ஜின் வலு இரட்டித்த காருக்கு டிஸ்க் வேண்டும். ஆனால் மாஸ்டர் பம்பையும், பின் டிரம்மோடு உள்ள சமநிலையையும், ஒயிலையும் சேர்த்துப் பார்க்காத டிஸ்க் வெறும் நகை. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். பழைய கியர்ப் பெட்டியில் முதலாம் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. வண்டி உருளத் தொடங்கியபிறகு தேடினால் விழாது. இறக்கத்தின் தலையிலேயே கியரை முடிவுசெய்தாக வேண்டும் என்று அந்தக் காரே கற்றுத்தந்தது. ஐந்து கியர் பெட்டி அதை மறக்கவைத்துவிட்டது.

அரசாங்கத்தின் பார்வையும் என்ஜினைத் தாண்டிப் போவதில்லை. பதிவுப் புத்தகத்தில் என்ஜினுக்கு இலக்கம் உண்டு, பிரேக்குக்கு ஏது? வருட வரிப்பத்திரம் எடுக்கச் சொந்தக்கார் புகைச் சோதனைக்குப் போகவேண்டும், பிரேக் சோதனைக்குப் போகவேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் செத்தார்கள். அதன் காரணத்தைத் தீர்ப்பது என் வேலை அல்ல. மறுநாள் காலை பதுளைத் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது: "பிரேக் பெயில்." என்ன கியரில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் ஒயில் மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தம்பியின் மைனர் நின்றது. டிஸ்க்குக்கு முற்பணம் கட்டியிருக்கிறானாம், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். பாஸ் அவன் காரின் பழைய ஒயிலை வடித்துப் போத்தலில் பிடித்து ஜன்னலில் வைத்திருந்தார். சாயம் ஏறிய பிளேன்டீ நிறம். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "எத்தனை வருஷம் தம்பி?" என்றேன்.

"தெரியல அண்ணே, வாங்கினப்பவே இருந்தது" என்றவன், பாஸ் பக்கம் திரும்பி, "டிஸ்க் எப்ப வரும்?" என்றான்.