டேங்கர் கவிழ்ந்தால் டிரைவரை அடிக்காதீர்கள்

பொதுமக்களுக்கு, நாமக்கல் வட்டாரத்து கேஸ் டேங்கர் ஓட்டுநர்கள் எழுதுவது.

சமையல் எரிவாயுவை ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் வழியாகத்தான் போய் வருகிறோம். ஒரு புல்லட் டேங்கரில் ஏறக்குறைய 18 டன். உங்கள் வீட்டு சிலிண்டர் கணக்கில் ஆயிரத்து இருநூறுக்கும் மேல்.

இதை ஓட்ட வெறும் ஹெவி லைசென்ஸ் போதாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி தனிப் பயிற்சி முடித்து, லைசென்சில் பதிவு வாங்க வேண்டும். என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது என்று எழுதிய ட்ரெம் கார்டு கேபினில் இருக்க வேண்டும். விபத்து என்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் முதலாளிக்கும் உடனே சொல்வது டிரைவரின் கடமை.

நடப்பதோ வேறு. வண்டி சாய்ந்ததுமே கூட்டம் கூடுகிறது. முதல் அடி டிரைவருக்கு. அவர் பயந்து ஓடிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது, எந்த வால்வை அடைப்பது என்று தெரிந்த ஆளும் போய்விட்டார். தப்பு அவர்மேல் என்றால் கேஸ் போடுங்கள், கோர்ட் இருக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவர் “ஓடுங்க” என்று கத்தினால், கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓடுங்கள்.

இந்த வாயு காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து சாக்கடை, பள்ளம், வீட்டு வாசல் என்று புகுந்துவிடும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் அருகே சாலாவில் அப்படித்தான் வீடுகளுக்குள் போய்த் தீப்பிடித்தது; 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் டேங்கர் கவிழ்ந்தபோது போக்குவரத்தை நிறுத்தினார்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

நாற்றம் வந்தால் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடுப்பை அணையுங்கள், லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம். பெட்ரோல் வண்டி கவிழ்ந்தால் குடத்தோடு வருபவர்களுக்கும் ஒரு சொல்: 2017இல் பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் அப்படிப் பிடிக்கப் போனவர்களில் இருநூறு பேருக்கும் மேல் எரிந்துபோனார்கள்.

தூரம் போன பிறகு 112க்குப் பேசுங்கள். டேங்கரின் பக்கவாட்டிலும் பின்புறமும் உள்ள பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். சமையல் எரிவாயுவுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203. கண்ணில் பட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். படவில்லையென்றால் பார்க்கவென்று திரும்பிப் போகாதீர்கள். இடத்தைச் சொன்னால் போதும்.