25 மனைதானே என்றால் சோதனை வேண்டாமா?

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னைக்கு கனமழை எச்சரிக்கை வந்தது. மழை வந்து சேருவதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிட்டன.

சொந்த வீடு இருக்கிறது. வீட்டில் கார் நிறுத்த இடமும் இருக்கிறது. ஆனால் கார் மட்டும் பாலத்தின் மேல்! ஊரே பார்த்து சிரித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எஞ்சின் வரை தண்ணீர் ஏறி, மெக்கானிக்குக்கு அழுதவர்கள் அவர்கள். சிரித்தவர்களுக்கு அந்த வலி தெரியாது.

இந்த வீடுகள் ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தவை அல்ல. கல் நட்டு மனை பிரித்தார்கள். மனு போனது. முத்திரை விழுந்தது. பத்திரம் பதிவானது. பாங்கியில் கடனும் கிடைத்தது. இத்தனை மேஜைகளில் ஒரு மேஜையிலாவது, “மழைக்காலத்தில் இந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்?” என்று கேட்டிருக்க வேண்டாமா?

கேட்க மாட்டார்கள். கேட்கச் சொல்லி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

20 ஆயிரம் கணக்கு

மத்திய அரசு 2006 செப்டம்பரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எந்தெந்தத் திட்டத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. கட்டடம் என்றால் மொத்தத் தளப்பரப்பு 20 ஆயிரம் சதுர மீட்டரைத் தொட வேண்டும். பெரிய நகரியம் என்றால் 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கருக்கு மேல். அதற்குக் கீழே இருந்தால் அந்த வாசல் பக்கமே போக வேண்டியதில்லை.

சரி, புறநகரில் ஒரு 2 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 87 ஆயிரத்து 120 சதுர அடி. சாலைக்கு 30 சதவீதம் விட்டால் மிச்சத்தில் ஒரு கிரவுண்டு மனையாக 25 தேறும். 25 வீடும் மாடியோடு எழுந்தால்கூட சுமார் 11 ஆயிரம் சதுர மீட்டர்தான் வரும். 20 ஆயிரம் எங்கே, 11 ஆயிரம் எங்கே? அதுவும் மனை போடுகிறவர் வீடு கட்டுவதில்லை. வாங்குகிற 25 பேரும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். அப்புறம் யாரை நிறுத்திக் கேட்பது?

பக்கத்து 2 ஏக்கரை இன்னொருவர் போடுகிறார். அதற்கு அடுத்தது அவர் மச்சான் பெயரில். பத்து லேஅவுட் சேர்ந்தால் 20 ஏக்கர், 250 வீடு. காகிதத்தில் பார்த்தால் பத்தும் பத்து ‘சின்ன’ லேஅவுட். தண்ணீருக்கு மட்டும் அது ஒரே சுவர்.

லாரி லாரியாக

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். கடைக்காரர்களுக்குக் கணக்கு என்றால் பிடிக்கும்.

அதே 2 ஏக்கரில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 8 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 67 லாரி. வெறும் நிலமாக இருந்தபோது அதில் பெரும் பகுதியை மண் குடித்தது, மிச்சம் தேங்கி நின்று மெதுவாக நகர்ந்தது. சிமெண்டு போட்ட பிறகு எல்லாமே ஒரே நேரத்தில் தெருவுக்கு வருகிறது.

பள்ளமான நிலம் என்றால் மண் போட்டு உயர்த்துகிறார்கள். 3 அடி உயர்த்த 2,600 யூனிட் மண் வேண்டும். 3 யூனிட் லாரி என்றால் 870 நடை. அந்த இடத்தில் முன்பு 3 அடி தண்ணீர் நின்றிருக்கும் அல்லவா? அது 74 லட்சம் லிட்டர். அது இப்போது எங்கே போகும்? மண் போட வசதியில்லாத பக்கத்து வீட்டுக்காரன் கூடத்துக்குத்தான்.

தண்ணீர் தேங்குமா என்று நீர்வளத்துறையிடம் சான்று கேட்கிற நடைமுறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் வழக்கமாக விழுகிற நிபந்தனை என்ன தெரியுமா? “மனையை இன்ன மட்டத்துக்கு மண் நிரப்பி உயர்த்திக்கொள்க” என்பதுதான்! வியாதியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த கதை.

கழுவெளி

தென்சென்னையில் இந்தத் தண்ணீர் எல்லாம் போய்ச் சேருகிற இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஊர்ப் பெரியவர்கள் கழுவெளி என்பார்கள். சுற்று வட்டாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் அங்கே வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இதுதான் பாதை. ஒக்கியம் மடுவு என்கிற ஒரு தொண்டைக்குள்தான் அத்தனையும் இறங்க வேண்டும்.

ஒரு காலத்தில் சுமார் 5 ஆயிரம் ஹெக்டேர் இருந்த கழுவெளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் 1,248 ஹெக்டேர் ‘ராம்சர்’ பட்டியலில் ஏறி, உலக அளவில் மதிப்புள்ள ஈரநிலம் என்று பெயர் வாங்கியது.

பூநாரைகள் வருகின்றன, படம் எடுக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் பறவைக்காக மட்டுமா அந்த இடம் வேண்டும்? தாம்பரம் பக்கத்தில் பெய்கிற மழை வேளச்சேரிக்காரர் கட்டிலுக்கு வராமல் இருக்கவும் அதுதான் வேண்டும்.

சர்க்கார் கை மட்டும் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கை அந்தச் சதுப்பில் வைத்தது மாநகராட்சி. கூவம், அடையாறு கரைகளில் இருந்து அகற்றிய ஏழைக் குடும்பங்களைக் கொண்டுபோய் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடிவைத்தார்கள். ஆற்று வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி சதுப்பு வெள்ளத்தில் விட்டார்கள்!

பழைய கதையும் இதேதான். பஸ் போர்டைப் படித்தாலே தெரியும். முகப்பேர் ‘ஏரி ஸ்கீம்’. மேற்கு மாம்பலம் ‘லேக் வியூ’ ரோடு. நுங்கம்பாக்கம் ‘லேக் ஏரியா’. வியூ இருக்கிறது, லேக் எங்கே? தியாகராயநகரே 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த நகர். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

ஏரி ஈரநிலம் இல்லையாம்

2017-ல் மத்திய அரசு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல விதிகள். ஈரநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது, கடந்த பத்து வருஷ சராசரி வெள்ள மட்டத்தில் இருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கிறது.

ஆனால் விளக்கத்தைப் படித்தால் தலை சுற்றுகிறது. நெல் வயல் ஈரநிலம் ஆகாது. பாசனத்துக்காக மனிதன் வெட்டியது ஈரநிலம் ஆகாது. நம் நாட்டில் ஏரி என்றாலே பாசனத்துக்கு வெட்டியதுதானே! செங்கல்பட்டு, காஞ்சீபுரம் பக்கம் உள்ள ஏரிகளில் பெரும்பாலானவை இப்படி வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2007-ம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஏரியின் எல்லைக்குள் ஆக்கிரமித்தவரைத்தான் அகற்றும். எல்லைக் கல்லுக்கு ஓர் அடி வெளியே, மழைக்கு ஏரியாகவும் வெயிலுக்குப் பட்டா நிலமாகவும் இருக்கிற இடத்துக்குச் சொல்ல அதனிடம் பதில் இல்லை.

மனை போடுகிறவர்கள் தேடி வருவது அந்த இடத்தைத்தான். விலை மலிவு.

“சார், தண்ணியா? இங்கயா? பாருங்க, பையனுங்க கிரிக்கெட் ஆடறாங்க!” என்பார் புரோக்கர். அவர் பொய் சொல்லவில்லை. அது மே மாசம். மே மாசத்தில் கழுவெளியின் ஓரமும் கிரிக்கெட் மைதானம்தான். பெரிய திட்டங்களுக்கு எழுதுகிற சுற்றுச்சூழல் அறிக்கைகளுக்கே மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தகவல் போதும் என்று இருக்கும்போது புரோக்கரை மட்டும் என்ன சொல்வது? அந்த அறிக்கையை எழுதுகிற நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவரும் திட்டத்தைப் போடுகிறவரே. போதாக்குறைக்கு, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று அந்த 2006 அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. பக்கத்து தெருக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று சுவரில் கோடு காட்டியிருப்பார்.

போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை தெரியும். போலிப் பத்திரம் போட்டு மனை விற்றால் மோசடி வழக்கு. முன்பு 420, 2024 ஜூலையில் இருந்து 318. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றாலும் அப்படியே. தண்ணீருக்குள் மனையை விற்றால்? பத்திரம் அசல். அப்ரூவல் அசல். பட்டாவும் அசல். ஸ்டேஷனில் போய் எதைச் சொல்லிப் புகார் எழுதுவது?

ஒட்டுமொத்தத் தடை

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு கண்டிப்பாக ஓர் உத்தரவு போட்டது. பள்ளிக்கரணை ராம்சர் இடத்தின் எல்லையைத் தரையில் அளந்து முடிக்கும் வரை, அதற்குள்ளும் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி கூடாது என்றது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் வர இருந்த பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது.

உத்தரவு நியாயமானது. ஆனால் மாட்டிக்கொண்டது யார்? ஆயிரம் பிளாட் கட்டுகிறவர் வக்கீல் வைத்து வாதாடுவார். இருபது வருஷத்துக்கு முன்னால் பி.எஃப். பணத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டு, ரிட்டயர் ஆன பிறகு பிளான் போட்ட குமாஸ்தாவும் அதே வரிசையில் நிற்கிறார். அவர் வாங்கிய காலத்தில் எல்லையை யாரும் அளக்கவில்லை. 2022-ல் பெயர் வாங்கிய இடத்துக்கு 2025-லும் எல்லை அளந்து முடியவில்லை என்றால், அந்தத் தாமதத்துக்கு வட்டி கட்டுவது அந்தக் குமாஸ்தாதான். கழுவெளியைத் தூர்த்தவர் கணக்கில் அவரைச் சேர்ப்பது பாவம்.

ஒவ்வொரு சின்ன மனைக்கும் டெல்லி வரை கோப்பு போக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கவர் அதிகமாகும், அவ்வளவுதான்.

கேட்பது இதுதான். லேஅவுட் மனு வந்தால், அது 2 ஏக்கரோ 20 ஏக்கரோ, அதிகாரி ஒருவர் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். தனித்தனி மனையாகப் பார்க்காமல் அந்த ஏரிக்கு வருகிற வாய்க்கால் முழுவதையும் வைத்து, ஏற்கனவே எத்தனை லேஅவுட் ஆகிவிட்டது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கிராம வரைபடத்தில் வாய்க்கால் என்று கோடு இருந்தால், அங்கே சாலை போட யாருக்கும் அனுமதி தரக் கூடாது. மண் போட்டு உயர்த்தச் சொன்னால், வெளியேறுகிற தண்ணீரைப் பிடிக்க அதே லேஅவுட்டுக்குள் ஒரு குளத்துக்கும் இடம் கேட்க வேண்டும்.

அந்த அதிகாரி எழுதிய தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் லேஅவுட் வாசலில், “நகருக்கு மிக அருகில்” என்று எழுதிய போர்டுக்குப் பக்கத்திலேயே மாட்டட்டும். சி.எம்.டி.ஏ.வும் நகர் ஊரமைப்புத் துறையும் இதற்கு ஓர் உத்தரவு போட்டால் போதும். அடுத்த ஐப்பசி மழை தொடங்குவதற்குள் போடுவார்களா?