மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்

பக்கத்து வீட்டு அத்தை போன வாரம் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். “இதைப் போட்டா கரண்ட் பில் பாதியாயிடும்னு சொல்லி 1500 ரூபா வாங்கிட்டுப் போயிட்டான், தம்பி. நிஜமா குறையுமா?” என்று கேட்டார். பென்ஷனில் குடித்தனம் நடத்துபவர். விற்க வந்தவர் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, மெயின் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் இறங்குவதைக் கண்ணெதிரே காட்டியிருக்கிறார்.

ஆம்பியர் இறங்கியது உண்மைதான். பெட்டிக்குள் இருப்பது கெப்பாசிட்டர். மோட்டார் தன் வேலைக்கு வேண்டிய மின்சாரத்தோடு, காந்தப்புலத்துக்காக இன்னொரு பங்கையும் வாங்கித் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். அந்தப் பங்கைப் பக்கத்திலிருந்தே கெப்பாசிட்டர் கொடுத்துவிடுவதால் மெயின் ஒயரில் ஆம்பியர் குறைகிறது. ஆனால் வீட்டு பில்லில் அந்தப் பங்குக்குக் காசே கிடையாது. 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். நாம் கட்டுவது அதற்குத்தான். அந்தப் பங்கு கூடி பவர் ஃபேக்டர் குறைந்தால் ஆலைகளுக்குக் கூடுதல் கட்டணம் விழும். கெப்பாசிட்டருக்கு வேலை அங்கேதான்.

அத்தை வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஒரு யூனிட்டுக்கு 3200 முறை என்று மேலேயே அச்சிட்டிருக்கிறது. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணினோம். இரண்டு நிமிடத்தில் 107. பெட்டியைச் செருகி எண்ணினோம். அதே 107. அத்தையின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பில் குறைய வழி உண்டு. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி ஃபேனுக்கு 30 போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கே இரண்டு மாத பில்லில் 32 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடுகிறது. அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த மிச்சம் பெரிய காசு.

அத்தை கொடுத்த 1500 ரூபாய் அப்படியொரு ஃபேன் வாங்கப் பாதியாவது ஆகியிருக்கும். அடுத்து உங்கள் வாசலுக்கு யாராவது பெட்டியோடு வந்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: “கிளாம்ப் மீட்டர் வேண்டாம், எங்க வீட்டு மீட்டர்ல காட்டுங்க.”