ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்கில்?

மாதம் பிறந்து பத்துத் தேதி தாண்டிவிட்டால் களை எடுக்கும் வயலில் பேச்சு ஒன்றுதான்: "ஆயிரம் ஏறிடுச்சா?" 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் சேர்கிறது. இதை ஒரு கட்சி உரிமை என்கிறது, இன்னொரு கட்சி இலவசம் என்கிறது. கல்லூரி மாணவர்களும் இரண்டு அணியாகப் பிரிந்து இதையே பட்டிமன்றம் ஆக்குகிறார்கள்.

ஆனால் பணம் கொடுக்கலாமா கூடாதா என்பதில் கட்சிகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. 2020 ஊரடங்கில் அ.தி.மு.க. அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. போதாது, 5,000 வேண்டும் என்றது தி.மு.க. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்து அது கொடுத்தது, இரண்டு தவணையில் 4,000. இலவசம் கொடுத்து வாக்கு வாங்கும் கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்று 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் பிரதமர் மோடி பேசினார். மறு ஆண்டே மத்தியப் பிரதேச பா.ஜ.க. அரசு பெண்களுக்கு மாதம் 1,000 கொடுக்கத் தொடங்கியது. 2024-இல் மகாராஷ்டிரத்தில் அக்கட்சி இடம்பெற்ற கூட்டணி அரசு 1,500 கொடுத்தது. கர்நாடக காங்கிரஸ் அரசு 2,000 கொடுக்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து பார்த்தால் கஜானா நிறைந்து தெரிகிறது, ஆளும் நாற்காலியில் உட்கார்ந்தால் காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உண்மையான வேறுபாடு யாருக்கு என்பதில் இருக்கிறது. 2019-இல் வந்த பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பெற வேண்டுமானால் நிலம் பெயரில் இருக்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கும் தலித் கூலிப் பெண்ணுக்குப் பட்டா ஏது? உழைப்பவர் வேறு, விவசாயி வேறு என்று அரசாணையே பிரித்துவிடுகிறது. தெலங்கானாவின் ரைத்து பந்து திட்டம் ஏக்கர் கணக்கில் கொடுத்ததால், அதிக நிலம் உள்ளவருக்கு அதிகப் பணம் போனது. அதே காலத்தில் ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் சேர்த்தது. ஆடு, கோழி வளர்க்க 12,500 ரூபாய் என்றது. ஒரே நாடு, ஒரே தொழில். ஆனால் விவசாயி யார் என்பதற்கு மூன்று பதில்.

அந்த வகையில் மகளிர் உரிமைத் தொகை நம் பெண்களுக்கு நல்லதே செய்தது. பட்டா கேட்கவில்லை; 5 ஏக்கர் நஞ்சைக்கு மேல் வைத்திருப்பவரைத்தான் விலக்கியது. பண்ணையாரிடம் முன்பணம் கேட்டு நிற்காமல் பிள்ளைக்கு நோட்டு வாங்கித்தரும் தாய்க்கு இந்த ஆயிரத்தின் மதிப்பு தெரியும். இலவசம் என்று ஏளனம் செய்பவர்களுக்குத் தெரியாது.

இருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பட்டியல் சாதியினரின் மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கும் துணைத் திட்டம் 1979-80 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நம் பங்கு 20 சதவீதம். விடுதி, வீட்டுமனை, நிலம் வாங்கக் கடன், சுயதொழில் என்று பல தலைமுறைகளாக மறுக்கப்பட்டதை ஈடுகட்டத்தான் அந்த நிதி. உரிமைத் தொகைக்கு இந்த நிதியிலிருந்தும் எடுக்கப்பட்டதாக 2023-இல் சர்ச்சை எழுந்தது, தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. பணம் பட்டியல் சாதிப் பெண்களுக்குத்தானே போகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஊர்ப் பொதுவில் நூறு பேருக்குப் பந்தி போடுகிறார்கள் என்று வையுங்கள். எண்பது பேரின் சாப்பாட்டுச் செலவு ஊர்ப் பணத்தில். மீதி இருபது பேருக்கு மட்டும், அவர்கள் தெருவில் கிணறு வெட்டச் சேர்த்து வைத்திருந்த உண்டியலை உடைத்துச் செலவு செய்கிறார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கிணறு போய்விட்டது.

கர்நாடகத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2024-25-இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான சுமார் 39 ஆயிரம் கோடியில் 14 ஆயிரம் கோடிக்கும் மேல் உத்தரவாதத் திட்டங்களின் கணக்கில் வைக்கப்பட்டது. துணைத் திட்ட நிதிக்கென்று 2013-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் அது! பா.ஜ.க. அங்கே கண்டித்துப் போராடியது. போராடியது சரிதான். ஆனால் 2025 மே மாதம், அது தலைமை தாங்கும் மகாராஷ்டிர அரசிலேயே, மகளிர் தொகைக்காகத் தன் துறையின் 400 கோடிக்கும் மேல் எடுக்கப்பட்டதாக சமூக நீதித் துறை அமைச்சர் சஞ்சய் சிர்சாட் வெளிப்படையாகக் குறை கூறினார். பங்கேற்கும் கட்சிகள் வேறு, உண்டியல் ஒன்று.

துணைத் திட்ட நிதிக்குத் தமிழ்நாட்டிலும் 2024-இல் சட்டம் வந்துவிட்டது. இனி ஓட்டுக் கேட்டு வருபவர் ஆயிரத்தை இரண்டாயிரம் ஆக்குகிறேன் என்றால், சந்தோஷம், கொடுங்கள் என்போம். கூடவே, அதில் எங்கள் பெண்களுக்கான பங்கைப் பொது நிதியில் எழுதுவீர்களா, துணைத் திட்டத்தில் எழுதுவீர்களா என்றும் கேட்போம். பட்ஜெட் ஆவணங்கள் நிதித் துறையின் இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, எந்தத் துறை எதையெல்லாம் துணைத் திட்டச் செலவு என்று காட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். அந்த விடுதியின் கழிப்பறைக்கான பணமும் அதே கணக்கில்தான் இருக்கிறது.