தண்ணி ஒழுகுது, யாரைக் கூப்பிடுறது?

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி பேசியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஏற்கெனவே மலையகத்துக்கு ஒதுக்கியிருந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அன்றிலிருந்து வீட்டுத்திட்டம் என்றாலே நாம் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். எத்தனை அறிவிச்சாங்க, எத்தனை கட்டினாங்க, யார் காலத்தில் கூட. கட்டி முடித்த வீட்டுக்குள்ள பைப் ஒழுகினா யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

லயத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில் இல்லை, ஆனா இருந்தது. பீலியில தண்ணி வரலைன்னா தலைவர்கிட்ட சொல்லுவோம், அவர் ஆபீசுக்குப் போவார், நிர்வாகம் ஆள் அனுப்பும், இல்லாட்டி அனுப்பாது. லயமும் தோட்டத்துடையது, பைப்பும் தோட்டத்துடையது. யாரைத் திட்டணும் என்றாவது தெரியும்.

இந்த 7 பேர்ச் வீட்டில் அதுவும் தெரியாது. காணி அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. காசு இந்தியாவுடையது. கட்டும் வேலை வேறு அமைப்புகள் ஊடாக நடந்தது. தண்ணி டேங்க் மேலே தேயிலை மலைக்குள்ள. குடிபோய் ஆறு மாதத்தில் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறினால், வேலை செய்த ஆள் "சாவி குடுத்தாச்சே" என்பார். தோட்ட ஆபீசில் "அது இப்ப உங்க வீடு" என்பார்கள். உங்க வீடுதான், ஆனா உறுதிப்பத்திரம் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. செலவு வரும்போது மட்டும் நாம் சொந்தக்காரர். இதைத்தான் நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

பொறுப்பைப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமான கணக்கு இல்லை. சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் பதித்த பைப் புதுசிலேயே கசிந்தால் அது கட்டியவரின் வேலைக் குறை. கட்டிட ஒப்பந்தங்களில் குறை திருத்துவதற்கென்று ஒரு காலம், பெரும்பாலும் ஒரு வருடம், போடுவது வழமை. அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பது வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு டேப், வாஷர், வீட்டுக்குள் ஓடும் லைன் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேங்கும் பொது லைனும் பொது நிர்வாகத்தின் பொறுப்பு.

அந்தப் பொது நிர்வாகம் யார்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று பல வருடம் சொன்னார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருடம் நோர்வூட்டுக்கே தனிப் பிரதேச சபை வந்தது. மலையகத்துக்கென புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அந்த வருடம்தான் வந்தது. ஆக, சட்டம் இல்லை என்ற சாட்டு இனி செல்லாது.

"ஓசி வீடு, அதில குறை வேற சொல்லுறாங்க" என்று சிலர் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக பத்தடி காம்பிராவில் இருந்து இந்த நாட்டுக்கு டொலர் உழைத்துக் கொடுத்த சனத்துக்குக் கிடைத்த வீடு எப்படி ஓசியாகும்? ஓசியே என்றாலும் ஒழுகலாமா?

இது தண்ணீர் வீணாவது பற்றியது மட்டுமில்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு 86,400 சொட்டு. நம்ம வீடுகள் பல, மலையை வெட்டிச் சமன் செய்த சரிவில் நிற்கின்றன. வெட்டிய மண்ணுக்குள் தொடர்ந்து தண்ணி இறங்குவது நல்லதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது பைப் கசிவால் இல்லை, மழையால். ஆனால் அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். சனத்தை வேறிடத்தில் குடியேற்றும் வேலை மட்டும் நடக்கவில்லை. பொறுப்பு எல்லாருக்கும் என்று விட்டால் கடைசியில் யாருக்கும் இல்லை என்றாகிவிடும். அதற்கு என்ன விலை என்று மீரியபெத்தை காட்டியது.

எங்கள் கேட்பு பெரிதில்லை. சாவியோடு மூன்று கடதாசி கொடுங்கள்: பைப் எங்கெங்கே போகிறது என்ற வரைபடம், குறை திருத்தும் காலம் முடியும் திகதி, பொது லைன் உடைந்தால் கூப்பிட வேண்டிய ஆளின் பதவியும் இலக்கமும். அதோடு நான்காவதாக, உறுதிப்பத்திரம்.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. தண்ணிக் கமிட்டிக்கு மாதக் காசு கட்டத் தயங்குவதும், பக்கத்து வீட்டுக்குப் போகும் லைனில் ஓட்டை போட்டு ஹோஸ் இழுப்பதும் நம்மிலேயே நடக்கிறது. படித்த பிள்ளைகள் அடுத்த கூட்டத்துக்குப் போய், புகாரை வாயால் சொல்லாமல் கடிதமாக எழுதி, திகதி போட்டு, கிடைத்தது என்று கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னதை ஆபீஸ் மறந்துவிடும். கையொப்பம் வைத்த பிரதியைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.