ஏழாம் தேதி தாண்டினால்

2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கிளம்பியதுதான் ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம். அதற்கு முன்பே ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி விழுந்திருந்தது. வங்கிகள் கைகொடுக்கும், நிலைமை சரியாகும் என்ற நம்பிக்கையில் பலர் தொடர்ந்து வேலைக்கு வந்தார்கள். ஜூனில் திவால் நடவடிக்கை தொடங்கியது. கம்பெனியை வாங்க முன்வந்தவர்களின் மீட்புத் திட்டம் 2021ல் ஏற்கப்பட்டும் நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7ல், சொத்துகளை விற்றுக் கடனை அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்தரை ஆண்டுகள் காத்திருந்த ஊழியர்களுக்குக் கிடைத்தது கடன்காரர்கள் வரிசையில் ஓர் இடம்.

அந்த வரிசையை 2016ம் ஆண்டு திவால் சட்டம் நிர்ணயிக்கிறது. முதலில் திவால் நடவடிக்கையின் செலவு. அடுத்து, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளும் தொழிலாளர்களும் சம அந்தஸ்தில். தொழிலாளிக்கு 24 மாத பாக்கி வரை. அதற்கும் கீழேதான் மற்ற ஊழியர்கள், அதுவும் 12 மாத பாக்கிக்கு மட்டும். பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி நிதி ஆகியவற்றிலிருந்து வர வேண்டிய பணம் இந்த வரிசையில் சேராது. அதில் கடன்காரர்கள் கைவைக்க முடியாது.

ஆக, கம்பெனி மூழ்கும்வரை பொறுத்திருப்பவருக்குத்தான் நஷ்டம். திவால் மனு ஏற்கப்பட்டுவிட்டால் கம்பெனிக்கு எதிரான வசூல் நடவடிக்கைகள் எல்லாம் நின்றுவிடும். கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

முன்பு இதில் ஒரு சிக்கல் இருந்தது. 1936ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டம் கடைசியாக மாதம் ரூ. 24,000 வரை வாங்குபவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. விமானிக்கும் மேனேஜருக்கும் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் (2019ல் நிறைவேறியது) அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது.

மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7ம் தேதிக்குள் பணம் வந்தாக வேண்டும். ராஜினாமா செய்தாலும் சரி, வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும் சரி, இரண்டே வேலை நாட்களில் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும். 'ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள் ஆகும்' என்று கூசாமல் சொல்லும் பர்சனல் அதிகாரிகள் இதை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

பணம் வராவிட்டால், அரசு இதற்கென நியமிக்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கெடு 3 ஆண்டுகள். பழைய சட்டத்தில் 12 மாதம்தான். பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் விதிக்கலாம். 'வரை' என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு என்பது அதிகாரியின் முடிவு. 3 மாதத்துக்குள் முடிக்க அவர் முயல வேண்டுமாம். அரசு அலுவலகங்களில் முயற்சி என்பதற்கு என்ன பொருள் என்பது ஊரறிந்தது. ஆனால் உத்தரவு வந்த பிறகும் முதலாளி தராவிட்டால் கலெக்டர் அதை நில வரி பாக்கி போல வசூலிக்கலாம் என்பது சாதாரண அதிகாரம் அல்ல.

சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. ஊழியர் அங்கே வேலை பார்த்ததைக் காட்டினால் போதும். நியமனக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை, மேலதிகாரியின் வாட்ஸப் செய்தி என எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஆபீஸ் ஈமெயிலை மூடுவதற்கு முன்பே பிரதி எடுத்துக்கொள்வது உத்தமம். 'பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர் என்று மிரட்டுவார்கள். சேர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுப்பதாகச் செய்யப்படும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது சட்டம். ஆனாலும் போடாமலிருப்பதே நல்லது. பிறகு அந்தத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தனியாகப் போகப் பயப்படுபவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த எத்தனை பேருக்காகவும் ஒரே மனு போதும். பதிவு பெற்ற தொழிற்சங்கமே அதைக் கொடுக்கலாம்.