முதுமைக்கு 200 ரூபாய், முதலாளிக்கு வரிச்சலுகை!

முதியோர் பெருகுகிறார்கள், கருவூலம் தாங்காது என்ற புலம்பல் ஆளும் வர்க்கத்தின் பொய். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழைக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80ஐ எட்டியோருக்கு 500. விலைவாசி ஏறியும் பத்தாண்டுகளுக்கு மேலாக இத்தொகை உயர்த்தப்படவில்லை.

அதே கருவூலம் 2015இல் செல்வ வரியைக் கைவிட்டது. 2019இல் கார்ப்பரேட் அடிப்படை வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 வரை குறைக்க வழிவிட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே கணக்குச் சொன்னது.

வயலிலும் செங்கல் சூளையிலும் உழைத்துத் தேய்ந்தோர் கேட்பது தர்மமல்ல. மறுக்கப்பட்ட கூலியின் பாக்கி. பெருஞ்செல்வர்கள் மீது மீண்டும் செல்வ வரி விதித்து, முதிய உழைப்பாளர் அனைவருக்கும் கண்ணியமான ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும்.